யார் உட்காரலாம்?

எந்தப் பெரிய ஜவுளிக்கடைக்குள்ளும் நுழைந்து பாருங்கள். கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறார். புடவை வாங்க வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். முதலாளியின் மச்சினன், நேற்று வேலைக்கு வந்தவன், அவனும் உட்கார்ந்திருக்கிறான். புடவையை விரித்துக் காட்டும் பெண் மட்டும் காலையிலிருந்து இரவுவரை நிற்கிறாள். அவள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடுமாம்! கல்லாக்காரர் உட்கார்ந்து எண்ணுவதால் பணம் குறைந்தா போயிற்று?

நம் தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. வேலையாளுக்கு இருக்கை தர வேண்டும் என்று அதில் எழுதிச் சேர்த்தது 2021-இல். ஒரு ஸ்டூலுக்கு 74 ஆண்டு! கேரளம் 2018-இலேயே செய்துவிட்டது. அதுவும் தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் தெருவில் இறங்கி வாங்கியது.

இங்கே சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. பல கடைகளில் அதன்மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது.

கால்வலிக்கு மருந்து கேட்கிறோம் என்று நினைக்காதீர்கள். உட்கார இடம் தராதவர்கள் பேச்சுக்கும் இடம் தருவதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையை மறந்துவிட்டோமா? ஊராட்சி மன்றத் தலைவர், பட்டியல் சமூகத்துப் பெண், ஓட்டு வாங்கி ஜெயித்தவர். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், தலைவர் தரையில்! 2020-இல் அந்தப் படம் வெளியே வந்த பிறகுதான் அதிகாரிகளுக்குக் கண் திறந்தது. தலைவரையே தரையில் வைத்தவர்கள் அவர் பேச்சைக் கேட்டா தீர்மானம் போட்டிருப்பார்கள்?

கடையிலும் இதே கதைதான். கடைக்குக் கடை இப்போது 'டீம் ஒர்க்' என்று கூட்டம் போடுகிறார்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்கிறார் முதலாளி. நல்ல குடும்பம்! வாங்க வருகிறவர்கள் எந்தக் கரை போட்ட புடவையைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைக்கிறார்கள், எந்த விலையைக் கேட்டு எழுந்து போகிறார்கள், மாமியார் வாயைத் திறந்ததும் மருமகள் எந்த நிறத்தை விட்டுவிடுகிறாள், எல்லாம் தெரிந்தவள் புடவையை விரித்துக் காட்டும் அந்தப் பெண். சரக்கு எடுக்கப் போகும்போது அவளை யார் கேட்டார்கள்? சரக்குத் தேங்கினால் மட்டும், "உனக்கு விற்கத் தெரியவில்லை" என்று அவள் தலையில் கட்டுகிறார்கள்.

ஆகவே முதலாளிமாரே, தீபாவளிக் கொள்முதலுக்குக் கூட்டம் போடும்போது விற்பனைப் பெண்களைக் கூப்பிடுங்கள். உங்களுக்குப் போடும் அதே நாற்காலியை அவர்களுக்கும் போடுங்கள். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்!