தலைமடை நீரும் மூல நூலும்

 

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மேடையில், இணையதளம் அமைக்கும் கலையைக் கற்க விழையும் இளைஞர்கள் நல்ல பாடங்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது பற்றிப் பேச விரும்புகின்றேன். நான் கணினிப் பொறியாளன் அல்லன். ஆயினும் நல்ல பாடம் எது, பதர் எது என்று பிரித்தறிவது ஆசிரியனின் தொழில் அன்றோ?

வீடு கட்டுவோர் நிலையையும் கதவையும் ஆயத்தமாக வாங்கிப் பொருத்துவர். அதுபோல, இணையதளங்களுக்குப் பொதுவாக வேண்டிய உறுப்புகளை முன்னரே செய்து வைத்த சட்டகத்தை ஃபிரேம்வொர்க் என்பர். ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஜாங்கோ என்பன அவற்றுள் சில.

இதனால் நமக்கு என்ன பயன்? 2019 வரை நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த தென்காசிப் பகுதியில், மத்தளம்பாறை என்னும் சிற்றூரில், 2011ஆம் ஆண்டிலேயே சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. பட்டம் பெறாத பிள்ளைகளையும் அந்நிறுவனம் உதவித்தொகை அளித்துப் பயிற்றுவிக்கின்றது. பிறப்பைக் கேளாது செய்திறனைக் காட்டச் சொல்லும் வாயில்கள் நமக்கு மிகவும் தேவை.

ஆனால் அவ்வாயிலை நாடிச் செல்லும் வழியில் தாயின் நகையை அடகு வைத்துப் பயிற்சி நிலையங்களில் பெருந்தொகை கட்டி, சான்றிதழ் ஒன்றை மட்டும் பெற்றுத் திரும்பிய பிள்ளைகளை நான் அறிவேன். அவர்கள் விலை கொடுத்து வாங்கிய பாடங்களுள் பெரும்பகுதி இலவசமாகவே கிடைப்பது என்பதுதான் வேதனை.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான் முதலாவது, திருவைகுண்டம் கடைசி. தலைமடையில் பாயும் நீர் கடைமடைக்கு வந்து சேரும்போது என்னவாகும் என்பதை நம் உழவர்கள் அறிவர். கல்வியிலும் அப்படியே. ஆகவே, சட்டகத்தை உருவாக்கியவர்களே எழுதிய வழிகாட்டியை முதலில் நாடுங்கள். ஃபேஸ்புக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ரியாக்டுக்கு, 2023இல் புதுக்கி எழுதப்பட்ட வழிகாட்டி பயிற்சிகளோடு இலவசமாக உள்ளது. ஜாங்கோவின் வழிகாட்டி, வாக்கெடுப்புத் தளம் ஒன்றைப் படிப்படியாக அமைக்கச் சொல்லித் தருகின்றது.

இரண்டாவதாக, பாடத்தின் ஆண்டைப் பாருங்கள். 2010இல் வெளிவந்த ஆங்குலர்ஜேஎஸ், 2016இல் ஆங்குலர் என முற்றிலும் மாற்றி எழுதப்பட்டது. பழையதற்கான ஆதரவு 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. ஆயினும் பழைய பாடங்கள் இன்னும் உலவுகின்றன. ஆண்டு பாராது படிப்பவன், செல்லாத நாணயத்தைச் சேமிப்பவன் ஆவான்.

மூன்றாவதாக, அடிப்படையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் அறியாமல் ரியாக்டைத் தொடுவது, எழுத்துக் கூட்டத் தெரியாமல் செய்யுள் இயற்றப் புகுவது போன்றது. இவற்றுக்கு மொசில்லாவின் எம்.டி.என். ஆவணங்களும், 2014இல் தொடங்கிய ஃப்ரீகோடுகேம்ப் பயிற்சிகளும் கட்டணமின்றி உள்ளன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கட்டற்ற மென்பொருள்கள் குறித்த பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

நான்காவதாக, கண்ணால் காண்பதோடு நில்லாமல் கையால் செய்யுங்கள். நீச்சலைக் கரையில் நின்று கற்றவர் எவரும் இலர். நம் சங்க நூலகத்தின் புத்தகப் பட்டியலையும் இரவல் கணக்கையும் இணையதளமாக்குங்கள். அதுவே உங்கள் முதற் சான்றிதழாகட்டும்.

மூல வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளனவே என்று தயங்க வேண்டா. நாளுக்கு ஒரு பக்கம், நால்வர் கூடி, அகராதியோடு படியுங்கள். முந்திக் கற்றவர் பிந்தி வந்தவருக்குத் தமிழில் விளக்குங்கள். அண்ணல் அம்பேத்கர் லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகத்திலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் மூல ஆவணங்களைத் தேடிப் படித்தார். பிறர் வடித்துத் தந்த சுருக்கங்களோடு அவர் அமைந்துவிடவில்லை. ரூபாயின் சிக்கல் பற்றி 1923இல் அவர் வெளியிட்ட நூல் அவ்வுழைப்பின் விளைவே.

ஊருணி நீரைத் தொடவும் நம் முன்னோருக்கு உரிமை மறுக்கப்பட்டது. இன்று அறிவின் தலைமடை நமக்கும் திறந்திருக்கின்றது. எனவே பெற்றோர்களே, நகையை அடகு வைக்கும் முன் சங்கத்தில் வந்து ஒரு சொல் கேளுங்கள். இளைஞர்களே, மாலை நேரத்தில் சங்கக் கட்டடத்தில் கூடுங்கள், சேர்ந்து கற்போம்.