பார்த்து வரைதல்

(மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று படம் வரைவது பற்றிப் பேசப்போகிறேன். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து, தினமும், பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைவது பற்றி. 'இதுக்கும் விடுதலைக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பீங்க. இருக்கு.

நம்ம சுவரொட்டிகளைப் பாருங்க. மேலே அண்ணல் அம்பேத்கர். கீழே ஒரு ஆள். முறுக்கேறிய தோள், அறுந்த சங்கிலி, கையில் பறை. முகம் இருக்காது, வெறும் கறுப்பு நிழல். இந்த ஆள் எந்த ஊரு? எந்தத் தெரு? நம்ம சேரியில் இருப்பது லுங்கி கட்டின கொத்தனார், நர்சிங் படிக்கிற பொண்ணு, ஒரு கண்ணில் புரை விழுந்த பாட்டி. இவங்கள யாரு வரைஞ்சா? அடையாளத்தை வரைந்திருக்கிறோம், ஆளை விட்டுவிட்டோம்.

பள்ளிக்கூடம் நமக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான். 'இயற்கைக் காட்சி வரைக' என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, ஒரு குடிசை. மலையே இல்லாத ஊர்ப் பிள்ளையும் அதையேதான் வரையும். அந்தக் குடிசைக்குள்ள யாரு இருந்தாங்கன்னு எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

ஆளை விட்டுவிட்டு அடையாளத்தை வரைவதற்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்காகப் படத் தொகுப்புகள் செய்து கொடுத்தார்கள். காகிதத்தில் நீர்வண்ணம். ஜோடி ஜோடியாகப் புருசன் பெண்டாட்டி, கையில் தொழில் கருவி. லண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. சேலை மடிப்பும் கருவியின் பிடியும் அவ்வளவு நுணுக்கம். ஆனால் படத்தோடு எழுதிவைத்தது சாதியையும் தொழிலையும். ஆளுக்குப் பெயர் கிடையாது. ஒரு சாதிக்கு ஒரு ஜோடி போதும் என்பது அந்தப் பார்வை.

இன்னொரு பார்வையும் இந்த நாட்டில் இருந்தது. 1943 வங்கப் பஞ்சம். சித்தபிரசாத் என்ற இளைஞர் மிட்னாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்து, பட்டினியில் கிடந்தவர்களை நேரில் பார்த்து வரைந்தார். பட்டாச்சார்யா என்ற பார்ப்பனப் பெயரைச் சாதிக்கு எதிராகத் தூக்கியெறிந்தவர். அந்தப் படங்கள் 'ஹங்ரி பெங்கால்' என்ற நூலாக வந்தபோது, பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. அதே பஞ்சத்தை செயினுல் ஆபிதீன் மலிவான பொட்டலத் தாளில் கறுப்பு மையால் வரைந்தார். சித்தபிரசாத் பல படங்களில் அந்த ஆளின் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். எனக்கு இதுதான் முக்கியம். கைத்திறன் இரண்டு பக்கமும் இருந்தது. படத்துக்குக் கீழே என்ன எழுதினார்கள் என்பதில்தான் அரசியல் பிரிகிறது.

'செல்போன் இருக்கே, போட்டோ எடுத்தா ஆச்சே' என்பார்கள். ரெட்டைக் குவளைக்கு வழக்குப் போடணும்னா போட்டோதான் எடுக்கணும், அதுதான் சாட்சி. ஆனால் அந்த டீக்கடையை வரைய 20 நிமிசம் உட்காரணும். யார் பெஞ்சில் உட்காராமல் குத்துக்கால் வைக்கிறார், யார் குடித்த டம்ளரைத் தானே கழுவி வைக்கிறார், யாருக்குக் காசைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைக்கிறார்கள், எல்லாம் அந்த நேரத்தில் தெரியும். நாம் உட்காருகிற இடத்திலும் சாதி இருக்கு. ஊர்த்தெருவில் நோட்டை விரித்தால் 'யாருப்பா நீ, எந்தத் தெரு?' என்று கேட்பான். என்னைக் கேட்டிருக்கிறான். காலங்காலமாக நம்மை அவன் பார்த்தான். நாம் அவனைப் பார்ப்பது அவனுக்குப் பொறுக்காது.

இனி வேலைக்கு வருவோம். நான் வங்கிக் குமாஸ்தா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் 15 நிமிசம்தான் எனக்குச் சொந்தம். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, ஒரு பென்சில். டிபன் பாக்ஸ், என் இடது கை, பெஞ்சில் தூங்குகிற காவலாளி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் செருப்பை வரையுங்கள். எந்தக் குதிகால் தேய்ந்திருக்கு, வார் எங்கே பிஞ்சு தைச்சிருக்குன்னு பாருங்க. ஒரு ஆளோட நடையும் உழைப்பும் அதில் இருக்கு. ஊர்த்தெருவில் நம்ம தாத்தாமார் கையில் தூக்கிக்கொண்டு நடந்த பொருள் அது.

நீர்வண்ணத்துக்குப் பொறுமை வேணும். அதில் வெள்ளை என்பது தாள்தான். வெளிச்சம் விழுகிற இடத்தைத் தொடாமல் விடணும். வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போகணும், ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும். 300 ஜிஎஸ்எம் தாள் விலை கூடுதல்தான். 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை வாங்கி எட்டாக வெட்டினால் எட்டுப் படம் ஆச்சு.

தோல் நிறத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனி, வெளிர் ரோஸ் நிறக் கிரேயானுக்கு 'சதை நிறம்' என்று பெயர் வைத்து விற்றது. 1962இல்தான் அந்தப் பெயரை மாற்றியது. யாருடைய சதை? நம்ம ஆளை வரையும்போது கறுப்பு டியூபைத் திறக்காதீங்க. அப்பினால் முகம் செத்துவிடும். பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம், இந்த மூன்றையும் கலந்து பாருங்க. கன்ன எலும்பின் மேல் வானத்தின் நீலம் தெரியும். கழுத்து நிழலில் ஊதா. உள்ளங்கை வேறு நிறம். எங்கம்மாவின் முழங்கை ஒன்றுக்கே நாலு கலவை தேவைப்பட்டது. கறுப்பு என்று ஒரே சொல்லில் நம்மை முடித்தவர்கள் யாரும் நம்மை உற்றுப் பார்த்ததில்லை.

எங்க தெருவில் ஒரு அக்கா 'கொஞ்சம் வெள்ளையாப் போடு தம்பி'ன்னாங்க. அழகுன்னா வெள்ளைன்னு அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமாவும் க்ரீம் விளம்பரமும். நான் கண்டபடிதான் போட்டேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, 'எங்கம்மா மாதிரியே இருக்கேன்'ன்னு சொன்னாங்க. இந்த அழகியலைக் கோட்பாடாகவும் எழுதலாம். முதலில் கையால் செய்து பார்க்கணும்.

சில விதிகள் சொல்கிறேன். தினமும் வரையுங்க, 15 நிமிசம் போதும். சரியாக வராததையும் கிழிக்காதீங்க, தேதி போட்டு வைங்க. கேட்காமல் யாரையும் வரையாதீங்க, நம்மாளு வேடிக்கைப் பொருள் இல்லை. முடித்ததும் அவரிடம் காட்டுங்க. பெயர் போட்டுக்கலாமா என்று கேட்டு, சம்மதித்தால் பெயரும் ஊரும் எழுதுங்க. வேணாம்னா விட்டுடுங்க. சாதியை மட்டும் எழுதாதீங்க, அந்த வேலையைக் கம்பெனிக்காரனே முடித்துவிட்டான்.

அடுத்த ஒரு மாதத்தில் ஒவ்வொருவரும் உங்க தெருவில் 30 பேரை வரைந்து கொண்டுவாங்க. அடுத்த சுவரொட்டிக்கு முகமில்லாத நிழல் வேண்டாம். அந்த நோட்டுகளிலிருந்தே முகங்களை எடுப்போம்.