கடைக் கண்ணாடியும் காண்போர் கண்ணும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



உப்பிலியபுரம் கடைவீதியில் ஒருவர் நிழற்படக் கருவியுடன் நின்று ஒரு கடை முகப்பைக் குறிபார்த்தால், சற்று நேரத்தில் ஒரு கேள்வி எழும்: "எதுக்குங்க படம் எடுக்கறீங்க?" கடைக்காரரின் உள்ளத்தில் ஓடுவது வரியா, ஆக்கிரமிப்பு அளவீடா என்னும் ஐயம். சாமான் வாங்க வந்தவர் தலைமுடியைத் திருத்திக்கொள்வார். சிறுவர் முன்னே வந்து நிற்பர். "புளியஞ்சோலை இருக்க, இந்தக் கடையில் எடுக்க என்ன இருக்கிறது?" என்று வியந்தபடி கடந்து போவார் ஒரு வழிப்போக்கர். ஒரே முகப்பு, நான்கு பார்வைகள். அந்தக் கேள்வி நகைப்புக்குரியதன்று. விடை சொல்லப்படவேண்டிய கேள்வி.

திருச்சிராப்பள்ளியின் தொடக்ககால நிழற்படங்களில் புகழ்பெற்றவை லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1858இல் எடுத்தவை. மலைக்கோட்டையும் திருவரங்கமும் அவர் கருவியைக் கவர்ந்தன. அந்நாளில் அசையாது நிற்பவையே தெளிவாகப் பதிவாயின. கல் நின்றது, நடமாடும் மனிதர் மறைந்தனர். படத்துக்கு உரியவை கோபுரமும் குன்றுமே என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் இன்றும் நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

சிற்றூர்க் கடைக்குப் பெரும்பாலும் கண்ணாடி முகப்பு கிடையாது. பலகைக் கதவுகளைக் கழற்றி வைத்தால் கடையே தெருவுக்கு வந்துவிடும். கயிற்றில் தொங்கும் வாழைத்தாரும் சாக்கில் நிற்கும் பருப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். துறையூர் வழியாகத் திருச்சி சென்று சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் தெப்பக்குளத்தை நோக்கி நடப்பவர்க்கோ வேறொரு காட்சி. துணிக்கடையின் பொம்மை பட்டுடுத்தி நிற்கிறது, நடுவே கண்ணாடி. காண்பதற்குத் தடையில்லை, தொடுவதற்குத் தடையுண்டு.

அந்தக் கண்ணாடியின் இயல்பு நுட்பமானது. நேர் எதிரே நின்று நோக்கினால், சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி உள்ளே செல்கிறது. நண்பகலில் தெருவின் வெளிச்சம் கடைக்குள் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதால், அந்தச் சிறு பங்கே உள்ளிருக்கும் பட்டை மங்கச் செய்கிறது. அப்போது பொம்மையின் மார்பில் பேருந்து ஓடும். சேலை மடிப்பில் எதிர்வீட்டு மாடி தெரியும். மாலையில் கடைவிளக்குகள் ஏறியதும் தெரு மறைந்து சரக்கு மட்டும் ஒளிரும். படம் எடுப்பவர் விரும்பினால் கண்ணாடிக்கு முன் கறுப்புத் துணி பிடித்துப் பிம்பத்தை அகற்றலாம். அகற்றுவதா விடுவதா என்பதில்தான் விளம்பரப் படமும் தெருப் படமும் பிரிகின்றன.

விடுவதன் பயனை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் பாரிசு நகரத்து யூழேன் அட்ஜே. 1925இல் கோப்லேன் பெருவீதியில் அவர் எடுத்த துணிக்கடைப் படத்தில், விலைச்சீட்டுத் தாங்கிய ஆண் பொம்மைகளின்மேல் எதிர்ப்புறக் கட்டடமும் மரமும் படிந்திருக்கின்றன. அவர் தம் படங்களைக் கலை என்று சொல்லி விற்கவில்லை. ஓவியர்க்கு உதவும் ஆவணங்கள் என்றே விற்றார். 1926இல் மீயதார்த்தவாதிகளின் இதழொன்று அவர் படத்தை அட்டையில் வெளியிட்டபோது, தம் பெயரை இடவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதாக மான் ரே பின்னாளில் கூறினார். அவருக்கு ஆவணமாக இருந்தது அவர்களுக்குக் கனவாகத் தெரிந்தது. 1931இல் வால்டர் பெஞ்சமின் அவருடைய ஆளற்ற தெருக்களைக் குற்றம் நிகழ்ந்த இடத்தின் படங்களோடு ஒப்பிட்டுப் பேசினார். 1968இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அப்படங்களின் பெருந்தொகுதி ஒன்றை வாங்கியது. அவை கலைச் செல்வமாயின. தாள் மாறவில்லை, நோக்கியவர் மாறினர்.

இந்திய மண்ணில் இதன் எதிரொலியாகக் கொள்ளத்தக்கது, ஜெய்ப்பூரில் 1942இல் பிறந்து 1999இல் மறைந்த ரகுபீர் சிங் ஹௌராவில் 1991இல் எடுத்த நடைபாதைக் கண்ணாடிக் கடைப் படம். விற்பனைக்கு வைத்த நிலைக்கண்ணாடிகளில் தெருவும் மனிதரும் துண்டு துண்டாகத் தெரிகின்றனர். பாரிசில் சரக்கின்மேல் தெரு படிந்தது; ஹௌராவில் தெருவைக் காட்டுவதே சரக்காயிற்று. எது உள்ளே, எது வெளியே என்று காண்பவர் தேடிக்கொண்டே இருக்க நேர்கிறது.

கவிஞர்கள் கருதவேண்டிய இடம் இதுவே. துணிக்கடைக் கண்ணாடி முன் ஒரு பெண் நிற்கும் படத்தைக் கண்டதும், "ஏழையின் ஏக்கம்" என்று தலைப்பிட மனம் விரைகிறது. அவள் பட்டை நோக்கி ஏங்கினாளா? கண்ணாடியில் தெரிந்த தன் கூந்தலின் பூவைச் சரிசெய்தாளா? பின்னால் வரும் பேருந்தின் பிம்பத்தைப் பார்த்து நின்றாளா? படம் சொல்லவில்லை. ஏக்கம் என்று படித்தவர் தம் இரக்கத்தையே அங்கே கண்டார். அது பொல்லாத குணமன்று. ஆயினும் அந்த இரக்கம் அவளை அவள் அறியாமலே வறியவளாக்கிவிட்டது. வாங்கும் வழியிருந்தும் வாங்க விரும்பாத உரிமை அவளுக்கு உண்டு என்பதை அது மறந்தது. இனிப்புக் கடை வாயிலில் நிற்கும் சிறுவனைப் பற்றிய கவிதைகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். கவிஞன் கண்ணாடியை முழுவதும் துடைத்துவிட்டு, உள்ளே உள்ளதே உண்மை என்று காட்டுகிறான். துடைக்காத கண்ணாடியிலோ சிறுவனும் தெரிவான், இனிப்பும் தெரியும், எதிரே நின்று எழுதுபவனும் தெரிவான்.

கைதோறும் கைப்பேசி வந்துவிட்ட இந்நாளில் படம் எடுப்போர்க்குப் பஞ்சமில்லை. கேட்போரைக் கண்டு விரைந்து நழுவுவோரும் பலர். கடைக்காரரிடம் படத்தைக் காட்டுவது அதைவிட மேலானது. "இதோ உங்கள் கடை, இதோ கண்ணாடியில் எதிர்க்கடை, இதோ நடுவில் எடுத்தவரின் நிழல்" என்று காட்டினால், அவர் தம் தெருவை வேறொரு பக்கமிருந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் அதுவும் ஒரு விமரிசனமே. அழிக்கச் சொன்னால் அழிப்பதே பண்பு.

உப்பிலியபுரத்துக் கடைக்காரரின் கேள்வி கவிதை எழுதுவோரை நோக்கியும் நிற்கிறது. எதற்காக எடுக்கிறாய் என்று கேட்பவர்க்குத் தலைநிமிர்ந்து விடை சொல்ல முடியுமாயின், அந்தப் படத்தையும் அந்தக் கவிதையையும் அச்சமின்றி மக்கள் முன் வைக்கலாம்.