காருக்கும் வீட்டுக்கும் காப்பீடு

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும்தான் பார்க்கிறோம். மேலே பிரித்துப் போட்டிருப்பார்கள். மூன்றாம் நபர் காப்பீடு அரசு நிர்ணயித்த கட்டணம். எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். நம் வண்டியின் சேதத்துக்கான கட்டணம்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விசாரிக்க வேண்டியது அங்கேதான்.

ஓராண்டு க்ளெய்ம் கேட்காவிட்டால் அந்தச் சேதக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து ஐந்தாண்டு என்றால் 50. இந்த ‘நோ க்ளெய்ம் போனஸ்’ வண்டிக்குரியதல்ல, உங்களுக்குரியது. பழைய காரை விற்றுப் புதுசு வாங்கும்போது இதை வாய் திறந்து சொல்பவர்கள் குறைவு. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போச்சு!

வீட்டு விஷயத்தில் நிலைமை தேவலை. ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்றொரு பாலிசி 2021 ஏப்ரலில் வந்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடக்கம். யார் விற்றாலும் அடிப்படை வாசகம் ஒன்றே என்பதால் விலையை ஒப்பிடுவது சுலபம். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேரும். பீரோ, ஃபிரிட்ஜ் என்று பட்டியல் எழுத வேண்டாம். மனையின் விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; திரும்பக் கட்ட ஆகும் செலவு போதும். நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.