சிற்றுயிர்க்கு ஔடத தானம்

(தசலட்சணப் பருவத்தின் எட்டாம் நாளில், குற்றாலத்தில் கூடிய குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அருகன் திருவடி போற்றி. 

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் இத்தென்பாண்டி நாட்டிற்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் எண்ணிக்கையில் சிலவே. ஆயினும் இம்மண் நமக்கு அயலானதன்று. நேற்று நாம் அனைவரும் சங்கரன்கோயில் வழியாகக் கழுகுமலை சென்று வணங்கி வந்தோம். பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் குரவர், குரத்தியர் பெயர்கள். குரத்தியர் என்போர் பெண்பால் ஆசிரியர்கள். பள்ளியில் தமிழ் கற்பித்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு அவ்வெழுத்துகளின் முன்னே நின்றபோது, நாம் கற்பித்த பாடத்தை நாமே சரியாகக் கற்றோமா என்னும் ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இன்று உத்தம தியாகத்திற்குரிய நாள். தியாகம் என்னும் அறத்தை விளக்கும் நம் பெரியோர் தானத்தை நான்காகப் பகுத்தனர்: ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம். உணவளிக்கிறோம். நூல்களை அச்சிட்டு வழங்குகிறோம். கொல்லாமையால் அபயம் அளிக்கிறோம். ஔடத தானம் என்றதும் மருத்துவ முகாமும் கண் சிகிச்சையும் நினைவுக்கு வருகின்றன. அவை நல்லன, தொடர வேண்டுவன. நான் இன்று எடுத்துக்கொள்வது அவற்றினும் மிகச் சிறிய ஒன்று. எங்கள் தென்காசி வீட்டில் வளர்ந்த இரண்டு வெள்ளெலிகளுக்கு மருந்து கொடுத்த கதை அது. சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. எலிக்கு மருத்துவமா என்று முதலில் புன்னகை செய்தவள் நானே.

என் பேத்தி தன் பிறந்தநாளுக்கு வண்ணமீன் கடையிலிருந்து இரண்டு பெண் வெள்ளெலிகளை வாங்கி வந்தாள். ஒன்றுக்கு முத்து என்றும் மற்றொன்றுக்குச் சாரல் என்றும் பெயரிட்டாள். கூண்டில் அடைப்பது அணுவிரதத்தின் குற்றங்களுள் ஒன்றாயிற்றே என்று நான் தடுத்தேன். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலே பிறந்த வெள்ளெலி, வெளியே விட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது. காக்கையும் பூனையும் அதை எளிதில் கண்டுகொள்ளும். ஆகவே விடுதலை என்ற பெயரில் சாவுக்கு அனுப்புவதினும் பேணி வளர்ப்பதே மேல் என்று ஒப்புக்கொண்டேன். வளர்க்க ஒப்புக்கொண்ட அன்றே அவற்றின் நோய்க்கும் நான் பொறுப்பாகிவிட்டேன் என்பதை அப்போது உணரவில்லை.

ஒன்றரை ஆண்டு கழிந்தபோது முத்துவின் வலது முன்காலின் அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டது. காலின் அடியில் மார்பகக் கட்டியா என்று வியந்தேன். எலிக்கு முலைக்காம்புகள் பன்னிரண்டு. பால் சுரக்கும் திசு கழுத்திலிருந்து தொடையடி வரை பரந்து கிடக்கிறது. ஆகவே தோளருகிலும் விலாவிலும் அடிவயிற்றிலும் எங்கு வேண்டுமானாலும் அக்கட்டி தோன்றலாம் என்று பிறகு அறிந்தேன்.

இந்நோயின் வேர் ஹார்மோனில் இருக்கிறது. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி உண்டு. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் அதிலிருந்து வருகிறது. அச்சுரப்பு அளவு மீறாதபடி டோபமைன் என்னும் பொருள் அதற்குக் கடிவாளமாக நிற்கிறது. பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சினைப்பருவச் சுழற்சி வருகிறது. அதன் ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுகளே. வயது ஏற ஏறக் கடிவாளம் தளர்கிறது, புரோலாக்டின் மிகுகிறது, சினைப்பையின் ஈஸ்ட்ரஜனும் சேர்ந்துகொள்ள, பால்திசு காரணமின்றி வளர்ந்து கட்டியாகிறது. சில எலிகளுக்குப் பிட்யூட்டரியிலேயே கட்டி உண்டாகிறது. கொழுப்பு மிகுந்த தீனியும் அளவற்ற உணவும் இவற்றுக்குத் துணைபோகின்றன. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை பிற உறுப்புகளுக்குப் பரவாதவை. ஆயினும் அவை ஓயாது வளர்பவை.

முத்துவை எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். மாட்டையும் ஆட்டையும் நாயையும் பார்த்துப் பழகியவர் அவர். ஆயினும் தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். கட்டி சிறிதாக இருக்கும்போதே மயக்க மருந்து கொடுத்து அறுத்து எடுப்பதுதான் நேரான வழி; அதற்குரிய வசதி உள்ள இடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். நான் மறுத்தேன். கத்தி வேண்டாம், மருந்து கொடுங்கள் என்றேன். வளர்ந்துவிட்ட கட்டியை மருந்து கரைப்பது அரிது, வளர்ச்சியைச் சற்றுத் தாமதப்படுத்தினாலே பெரிது என்று அவர் எடுத்துக் கூறியும் நான் கேட்கவில்லை. உறுப்பறுத்தல் அகிம்சை விரதத்திற்கு இழுக்கு என்று படித்தது மனத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து குற்றாலத்து மூலிகைத் தைலத்தைத் தடவினேன்.

இரண்டு மாதத்தில் நெல்லிக்காய் எலுமிச்சம்பழமாயிற்று. முத்து அந்தக் காலை ஊன்ற முடியாமல் கட்டியை இழுத்துக்கொண்டு நடந்தது. தரையில் உரசி உரசித் தோல் புண்ணாயிற்று. அப்போதுதான் அறுவைக்கு ஒப்புக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது, உடல் தாங்காது என்றார்கள். ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதை என்னால் ஏற்க இயலவில்லை. அதை ஏற்காதவர்க்கு வலி தீர்க்கும் கடமை இரட்டிப்பாகிறது என்று பிறகே விளங்கியது. வலி நீக்கும் மருந்து வாங்கிக் கொடுத்தோம். பத்து நாளில் முத்து இறந்தது. என் பேத்தி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு தத்துவார்த்த சூத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ முறை படித்த நூல். அணுவிரதத்தின் குற்றங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்னும் ஐந்தையும் அது கூறுவது மெய்யே. ஆனால் இம்சைக்கு இலக்கணம் கூறும் இடத்தில் அது வெறும் செயலை மட்டும் சுட்டவில்லை. பிரமாதம் என்னும் கவனமின்மையை முன்னிறுத்துகிறது. வருத்தும் எண்ணத்தோடு அறுப்பது வேறு. வருத்தம் தீர்க்க அறுப்பது வேறு. நான் கத்தியைக் கண்டு அஞ்சினேன். அவ்வச்சத்திற்கு அகிம்சை என்று பெயரிட்டேன். முத்துவைத் துன்புறுத்தியது கத்தியன்று; என் கவனமின்மையே. இதை இந்த அவையில் சொல்வதற்காகவே இவ்வுரைக்கு இசைந்தேன்.

நான்கு மாதம் சென்றது. ஒரு நாள் சாரல் தன் நிலக்கடலையை இரு கைகளாலும் பிடிக்க முயன்று நழுவவிட்டது. மீண்டும் எடுத்தது; மீண்டும் நழுவியது. எலி உண்ணும் அழகே அந்த இரு கைகளில்தான் இருக்கிறது. மறுநாள் முன்கால்கள் விறைத்திருந்தன, நடை தள்ளாடியது. இம்முறை ஒரு நாளும் தாமதிக்கவில்லை. அதே மருத்துவரிடம் சென்றோம். அவர் சென்னையில் சிற்றுயிர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர் ஒருவரோடு தொலைபேசியில் கலந்து பேசினார். உறுதிசெய்ய மூளையைப் படம் பிடிக்க வேண்டும். இங்கே அதற்கு வழியில்லை. ஆயினும் குறிகளைப் பார்த்தால் பிட்யூட்டரிக் கட்டி போலத் தோன்றுகிறது என்றனர். கேபர்கோலின் என்னும் மருந்தைத் தொடங்கினர்.

அது மனிதர்க்குரிய மருந்து. புரோலாக்டின் மிகுந்த பெண்களுக்கும், பால் சுரப்பை நிறுத்த வேண்டிய தாய்மார்க்கும் தரப்படுவது. டோபமைனைப் போலவே செயற்பட்டுத் தளர்ந்த கடிவாளத்தை மீண்டும் இறுக்குகிறது. அவ்வகைக் கட்டி சுருங்கவும் கூடும். எலி ஒன்றின் பிட்யூட்டரிக் கட்டிக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பயன் கண்ட செய்தி 2011-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வெளிவந்துள்ளது. மாத்திரையை நீரில் கரைத்து, மருத்துவர் அளந்து சொன்ன சில துளிகளை மூன்று நாளுக்கு ஒருமுறை என் பேத்தி சாரலின் வாயில் விட்டாள். நாட்காட்டியில் குறித்து வைப்பது என் வேலை. இரண்டாம் வாரத்தில் சாரல் கடலையை மீண்டும் இரு கைகளாலும் பிடித்தது. அது நோய் தீர்ந்ததன்று, தணிந்தது. மேலும் ஐந்து மாதம் வாழ்ந்தது. மூன்றாண்டு ஆயுளில் ஐந்து மாதம் சிறு காலமன்று.

ஒருத்திக்குக் கத்தி உதவியிருக்கும், மருந்து உதவவில்லை. மற்றவளுக்கு மருந்து உதவியது. கத்திக்கு அங்கே வழியில்லை. எது உதவும் என்பதை நம் விருப்பம் முடிவுசெய்வதில்லை, நோய் முடிவுசெய்கிறது.

இங்கே மற்றொன்றையும் எண்ண வேண்டும். ஹார்மோன் மருத்துவத்திற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்ற சார்லஸ் ஹக்கின்ஸ், பெண் எலிகளுக்கு வேதிப்பொருள் கொடுத்து மார்பகப் புற்றை உண்டாக்கி ஆராய்ந்தவர். இன்று நம் குடும்பத்துப் பெண்கள் பலரைக் காத்துவரும் டமாக்சிஃபென் மாத்திரையும் எலிகளின் உடலில் ஆராயப்பட்டதே. நம் வீடுகளில் மார்பகப் புற்றால் வருந்தி மீண்ட தாய்மார் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அவர்களுக்குக் கிடைத்த வாழ்வில் பெயரறியா வெள்ளெலிகளின் துன்பமும் கலந்திருக்கிறது. அதை நாம் செய்யவில்லை. ஆனால் அதன் பயனைத் துய்க்கிறோம். ஆகவே எலிக்கு மருந்து கொடுப்பது விளையாட்டன்று. பெற்ற கடனில் ஒரு துளியைத் திருப்பித் தருவதே.

நாட்டின் சட்டமும் நமக்கு நினைவூட்டுகிறது. மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேற வழிவகுத்தது. ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேணவும் வேண்டாத வலியைத் தவிர்க்கவும் இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்பது அதன் மூன்றாம் பிரிவு. நாம் விரதமாகக் கொண்டதன் ஒரு பகுதியை அது கடமையாக விதித்திருக்கிறது.

சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர் பிரியும் நாயின் செவியில் சீவகன் ஐந்து பதங்களை ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர் அவன் உயிரையே காக்கிறது. மாணவர்க்கு இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மந்திரத்தின் பெருமையையே சொல்லி வந்தேன். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. சீவகன் அந்த நாயைக் கண்டான், கடந்து போகவில்லை. மந்திரம் இறுதி மூச்சுக்குரியது. அதற்கு முந்திய நாள்களுக்கெல்லாம் உரியது மருந்தும் கவனமும்.

ஆகவே இளையோர்க்குச் சில சொல்வேன். எலியோ முயலோ கிளியோ, வாங்குமுன் அதற்கு மருத்துவம் பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டறியுங்கள். நம் பகுதியினர்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியிலும், தலைநகரில் வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வெள்ளெலி வளர்ப்போர் வாரம் ஒருமுறை கழுத்து முதல் தொடையடி வரை விரலால் தடவிப் பாருங்கள். சிறு கட்டி தென்பட்டால் அன்றே காட்டுங்கள். இளம் வயதிலேயே சினைப்பையை அகற்றினால் இக்கட்டிகள் வெகுவாகக் குறைகின்றன. சினைப்பையை அடங்கச் செய்யும் டெஸ்லோரெலின் என்னும் மருந்துக்குச்சியைத் தோலின் கீழே வைப்பதும் உண்டு. இவை தகுமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். மனிதர் மாத்திரையை நீங்களே உடைத்துக் கொடுக்காதீர்கள். சிற்றுடலுக்கு அளவு சற்று மிகுந்தாலும் கேடு. எண்ணெய்ப் பலகாரத்தை அன்பென்று ஊட்டாதீர்கள்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். தில்லிச் செங்கோட்டையின் எதிரே லால் மந்திரில் நம் திகம்பர சமயத்தார் பறவைகளுக்கென மருத்துவமனை நடத்தி வருகின்றனர். அத்தகைய பெரும்பணி நம்மால் இயலாமற் போகலாம். நம் அறக்கட்டளையின் ஔடத தானக் கணக்கில், வீட்டுச் சிற்றுயிர்களின் சிகிச்சைக்கெனச் சிறு தொகை ஒதுக்க இயலும். பணமில்லாமையால் எந்தப் பிள்ளையும் தன் முயலையோ எலியையோ வலியோடு விட்டுவைக்க நேரக்கூடாது.

இன்னும் சில நாளில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுவோம். ஆண்டுதோறும் அச்சொற்களைப் பொதுவாகச் சொல்லி வந்தேன். இவ்வாண்டு ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்வேன், அப்பெயர் முத்து. உங்கள் வீட்டிலும் அத்தகைய பெயர் ஒன்று இருக்குமாயின், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

 அறம் வாழ்க. ஜெய் ஜினேந்திரா.