பாலம் கட்டினால் போதாது, வழியும் திறக்கணும்

(வேடந்தாங்கல் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க, பகிருங்க.)



ஏரிக்கரை ஊர்ல நின்னு பேசுறேன், அதனால பறவையில இருந்தே தொடங்குறேன். குளிர்காலம் வந்தா ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பல நாடுகளைத் தாண்டி நம்ம ஏரிக்கு வருது. அதுங்ககிட்ட யாரும் பாஸ்போர்ட் கேட்கிறதில்லை.

ஆனா அந்தப் பறவை நிம்மதியா தங்கவும் ஒரு காகிதம் தேவைப்பட்டுச்சு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்க பறவைகளைச் சுட்டப்போ, நம்ம ஊர்க்காரங்க சும்மா இருக்கலை. எச்சம் கலந்த ஏரித் தண்ணிதான் வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். போய் முறையிட்டாங்க. 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு எழுதிக் கொடுத்தார். ஏரியும் மரமும் முன்னாடியே இருந்தது. எழுதி வாங்கின உத்தரவுதான் காவலா நின்னது.

இதை ஏன் சொல்றேன்? திரிபுராவில் ஒரு பாலம் இருக்கு. நம்ம நாட்டின் சப்ரூமையும் வங்கதேசத்தின் ராம்கரையும் இணைக்கிற பாலம். நடுவே ஓடுவது பெனி ஆறு. 2015-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1.9 கிலோமீட்டர் நீளம், 133 கோடி ரூபாய் செலவு. 2021 மார்ச் 9-ல் பிரதமர் திறந்துவைத்தார். பெயர் 'மைத்ரி சேது', அதாவது நட்புப் பாலம். சப்ரூமில் இருந்து சிட்டகாங் துறைமுகம் சுமார் 80 கிலோமீட்டர்தான். மூணு பக்கமும் வங்கதேசம் சூழ்ந்த திரிபுராவுக்கு அது எவ்வளவு பெரிய வாசல்னு நினைச்சுப் பாருங்க.

ஆனா நடந்தது என்ன? பாலம் திறந்த அன்னைக்கு சுங்கமும் குடியேற்றச் சோதனையும் பார்க்கிற வளாகம் தயாரா இல்லை. அதைத் திறக்க 2024 மார்ச் ஆயிடுச்சு. அந்த ஆகஸ்டிலேயே டாக்காவில் ஆட்சி மாறியது, இரு நாட்டு உறவும் கசந்தது. ரிப்பன் வெட்ட ஒரு நாள் போதும். மக்கள் நடந்து போக ஒப்பந்தம் வேணும், அதிகாரிகள் வேணும், அண்டை நாட்டோட நம்பிக்கை வேணும்.

"திரிபுரா கதை நமக்கு எதுக்கு?"ன்னு கேட்பீங்க. செங்கல்பட்டு தாண்டினதும் பாலாற்று ரயில் பாலம் வருதே, ஒரு காலத்தில் அதுவும் இன்னொரு நாட்டுக்குப் போற வழிதான். எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் அந்த ஆற்றைத் தாண்டித்தான் தெற்கே போச்சு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கே கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், அப்புறம் கொழும்பு. கடல் மேல பாலம் இல்லை. ஆனா வழி இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்தில் இருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போரோடு நின்னுபோச்சு.

இப்போ மறுபடி பாலப் பேச்சு. இரு நாட்டுக்கும் தரைவழி இணைப்பு சாத்தியமான்னு ஆராய்வோம் என்று 2023 ஜூலையில் இரண்டு அரசுகளும் அறிவித்தன. நல்லது. ஆனா அதே ஆண்டு அக்டோபர் 14-ல் தொடங்கின நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சில நாளிலேயே நின்றது. மறுபடி ஓட 2024 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கப்பலையே தொடர்ந்து ஓட்ட முடியலைன்னா, பாலம் கட்டி யார் போறது?

அதனால நாம பாலம் வேண்டாம்னு சொல்லலை. வரிசையைச் சரியா வைங்கன்னு சொல்றோம்.

முதலில், கடல் அனுமதிக்கிற நாளெல்லாம் கப்பல் ஓடணும், சாதாரண குடும்பம் கொடுக்கிற கட்டணத்தில்.

இரண்டாவது, இரு நாட்டு மீனவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசணும். நம்ம மீனவர் சிறையில், அவங்க மீனவர் வலை கிழிஞ்ச வேதனையில் இருக்கும்போது நட்புப் பாலம்னு பெயர் வைக்கிறதில் அர்த்தமில்லை.

மூணாவது, 1983 முதல் கடல் தாண்டி வந்து இன்னும் முகாமில் இருக்கிற நம்ம சொந்தங்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவங்களுக்கு இடமே இல்லை. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமைக் காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தைக் கொடுங்க.

நாலாவது, எது கட்டினாலும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைக்கும் பறவைக்கும் கேடு வரக்கூடாது. இதைச் சொல்ல வேடந்தாங்கல்காரங்களுக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு இருக்கு?

200 வருஷத்துக்கு முன்னாடி, அந்நிய ஆட்சியிலேயே, பறவைக்காகப் போராடி உத்தரவு வாங்கின ஊர் இது. இன்னைக்கு நம்ம கையில் ஓட்டு இருக்கு. மனுஷனுக்காகக் கேட்க நமக்கென்ன தயக்கம்?

கேட்போம். எழுதி வாங்குவோம்.