கடைப்பெட்டியும் நம் பெட்டியும்

முதலுதவிப் பெட்டியைக் கடையில் வாங்குவதா, நாமே சேர்த்து வைப்பதா? தாராளமாக வாங்குங்கள். ஆனால் வாங்கிய அன்றே பிரித்து, நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வேண்டியதைச் சேர்த்துவிடுங்கள். பஞ்சு, பிளாஸ்திரி, கட்டுத்துணி எல்லாம் கடைப்பெட்டியிலும் இருக்கும். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு அது போதாது.

ஏன் என்கிறீர்களா? பல வெள்ளாமைக்குக் குனிந்து மருந்தடிக்கிறோம். திராட்சைப் பந்தலுக்கோ அண்ணாந்து அடிக்கவேண்டும். அடித்தது இலையில் பட்டு முகத்தில்தான் சொட்டும். அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையை எடுத்துக்கொள்ளுங்கள்: 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. கரைக்கும்போது அந்தச் சுண்ணாம்புப்பால் கண்ணில் தெறித்தால், துடைத்தாலும் விடாது, உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

நான் செவிலியராக இருந்தபோது சுருளிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பியை அழைத்து வந்தார்கள். சட்டை முழுக்க நனைந்திருந்தது. சுண்ணாம்பு தெறித்த உடனே அவர் மனைவி, குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை, இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, குடம் காலியாகும்வரை ஊற்றியிருக்கிறார். பிறகு மோட்டார் குழாயடியில் உட்காரவைத்து மறுபடியும் கழுவியிருக்கிறார். "இந்தப் பிள்ளை ஊற்றின தண்ணிதான் கண்ணைக் காப்பாத்துச்சு" என்றார் மருத்துவர். அந்தப் பெண்ணிடம் பெட்டியே கிடையாது, நேயர்களே!

ஆகவே தோட்டத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் வையுங்கள். மருந்து கரைத்த வாளி அதன் பக்கம் போகவே கூடாது. பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றுங்கள். கேன் தீர்ந்தால் குழாயடிக்குப் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடவேண்டாம். கழுவி முடித்ததும், எரிச்சல் அடங்கியிருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

இனி மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் தினம் ஏறி இறங்கும் ஜீப் ஒன்றில் சீட்டுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறேன். உறைகூடப் பிரிக்கவில்லை. கீழே வெயில், மேலே சாரல். பிளாஸ்திரியின் பசை உருகிச் சுருளோடு சுருள் ஒட்டிக் கிடந்தது. அங்கே எனக்குப் பிடித்தது பழைய பருத்தி வேட்டி. துவைத்து, வெயிலில் உலர்த்தி, ஒரு மீட்டர் சதுரமாகக் கிழித்து, மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணத் துணி. சரிவில் விழுந்து கை ஒடிந்தால் கையைத் தாங்கும்படி கழுத்தில் மாட்ட ஒன்று, கை ஆடாமல் மார்போடு சேர்த்துக் கட்ட ஒன்று. வேறு காயத்துக்கு மடித்து வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். காசு கொடுத்து வாங்கும் சுருள்துணி இத்தனைக்கும் உதவாது.

சில கடைப்பெட்டிகளில் ரப்பர் பட்டை ஒன்று வரும். பாம்புக்கடிக்கு அதைத் தொடாதீர்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கேடு. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும், எந்தப் பெட்டியிலும் இராது.

முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. கையுறை, கத்தரிக்கோல், ஊக்கு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இவற்றையும் பெட்டியில் போட்டு, காலாவதித் தேதிகளை ஒரு தாளில் எழுதி மூடிக்குள் ஒட்டுங்கள். அடுத்த முறை மருந்தடிக்கக் கிளம்புமுன் அந்தத் தண்ணீர் கேன் வண்டியில் ஏறியதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.